சில்வர் போகிற சோப்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவன் நான். இவ்வளவு நீளம் எழுதினால் விரல் கோபித்துக்கொள்ளும். இது வெளியே சொல்கிற காரணம். உள்ளே ஒரு காரணம் உண்டு, அது போகப் போகத் தெரியும்.

கேட்டது எங்கள் நாரணாபுரத்து மகளிர் குழுப் பெண்கள். வீட்டிலேயே சோப்பும் வாசனை மெழுகுவர்த்தியும் செய்வது இப்போது இங்கே புதிதாகக் கிளம்பியிருக்கிறது. கண்ணாடிக் கிளாசில் மெழுகை ஊற்றி, மேலே ரோஜா இதழைத் தூவி, போட்டோ எடுத்து ஆர்டர் பிடிக்கிறார்கள். நான் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். ஒருநாள் காலையில் வேனில் ஏறிய குழுத் தங்கச்சி ஒருத்தி பின்னால் இருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்க சோப்புலருந்து ரிட்டையர்டு ஆன ஆளுதான? எங்களுக்குக் காஸ்டிக் சோடா கலக்குற பக்குவத்த எளுதிக் குடுங்க."

"ரிட்டையர்டு ஆளுக்குப் பென்சன் யாரு குடுப்பா?"

"எளுதுங்கண்ணே, பொன்னாடை போத்துறோம்."

"அதயும் ஒங்க சோப்பப் போட்டுத் தொவச்சுக் குடுத்தீகன்னா வாங்கிக்கிருதேன்."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் அவள் சொன்னது சரிதான். சோப்பை விட்டு வந்தவன் நான், திரும்பிப் போகப் போவதில்லை. அதைத்தானே ரிட்டையர்டு என்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கணக்கு வாத்தியார் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். எவ்வளவு தூரம் வெளியே என்று அவர் சொல்லவில்லை. நான் வீடு வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் கொஞ்ச காலம் தீப்பெட்டி ஆபீஸ், கொஞ்ச காலம் சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை. எங்கேயும் என் வாய் என்னை நிலைக்க விடவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு செல்லக்கனி அக்கா, தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சோப்பு செய்ய ஆரம்பித்தபோது, கிண்டுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாய் ஓடுற மாதிரி கையும் ஓடுமாலே?"

"கை கொஞ்சம் கூச்ச சுபாவம்க்கா."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளே வரச் சொன்னார்.

செல்லக்கனி அக்கா நாற்பதைத் தாண்டியவர். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருசம் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் பக்கத்து அறை வெடித்துப் போய்விட்டது. அன்றோடு வேலையை விட்டு வந்துவிட்டார். அவருடைய இடது முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தோல் வழவழவென்று, மெழுகை ஊற்றி ஆறவிட்டது மாதிரி இருக்கும். அதைப் பற்றி அவர் பேச மாட்டார். நான் எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவன், அதை மட்டும் செய்ததில்லை.

மருந்து அறையில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள், எதையும் டொம்மென்று வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் அக்காவை விட்டுப் போகவே இல்லை. வாளியைக் கீழே வைப்பது, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது மாதிரி இருக்கும். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். சாதாரண நாளில் நான் 'ஏலே முத்து'. லேசான கோபத்தில் 'தம்பி'. 'நீங்க, வாங்க' என்று ஆரம்பித்துவிட்டால் அன்றைக்குக் கொட்டகைப் பக்கமே இருக்கக் கூடாது. ஒருமுறை எண்ணெயில் ஈ விழுந்ததைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். "கொஞ்சம் இங்கன வந்து இது என்னன்னு பாத்துச் சொல்றீகளா?" என்றார். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

தங்கச்சிகளா, நீங்கள் கேட்ட பக்குவம் இதுதான். தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கி மூஞ்சிக்கு வரும். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குப் போகும், ஆவி மூக்கை அறுக்கும். இதைத்தான் காரத் தண்ணி என்போம். தடித்த பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, பலகையால் மூடி, கொட்டகைக் கதவுக்குக் கொக்கி மாட்டி ஆறவிட வேண்டும். ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் கலந்த அண்டாவில் மெல்ல ஊற்றி, ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். அக்கா அவ்வப்போது துடுப்பைத் தூக்கி, வழிகிறதை வைத்து மேலே ஒரு கோடு போடுவார். கோடு அமுங்கிப் போனால் இன்னும் கிண்டு. கோலம் மாதிரி நின்றால் அச்சில் ஊற்று.

மர அச்சின் உள்பக்கம், அக்காவே ஊற்றிய மெழுகுவர்த்தித் துண்டை முதலிலேயே தேய்த்து வைப்போம், சோப்பு ஒட்டாமல் வரும். வெட்டுவதற்குக் கத்தி கிடையாது. சரவெடி பின்னுகிற நூலை மெழுகில் இழுத்து, இரண்டு கையிலும் சுற்றி, வெண்ணெயை அறுப்பது மாதிரி அறுப்போம். பிறகு மாதக்கணக்கில் காய வேண்டும். காய்ந்த கட்டியை அக்கா நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். சுள்ளென்றால் காரம் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். "நீயும் பாருலே" என்று நீட்டுவார். "உப்பு பத்தலக்கா" என்பேன்.

கொட்டகை வாசலில் எப்போதும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் இருக்கும். முதல் நாள் அக்கா எனக்குச் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "காரம் மேல பட்டா வேற எதயும் யோசிக்காத. தண்ணிய ஊத்து. போதும்னு தோணுனாலும் ஊத்து."

அந்தச் சோப்பை வாங்கியது பெரும்பாலும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள்தான். அலுமினியத் தூளை எங்கள் பக்கம் சில்வர் என்போம். பட்டாசு வெள்ளை வெளிச்சம் கக்குவது அதனால்தான். அது கையில் ஏறினால் லேசில் இறங்காது. நகக்கண், கை ரேகை, காது மடிப்பு என்று போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா சலித்த உமிச்சாம்பல் சேர்த்து ஒரு சோப்பு செய்தார், சில்வர் போகிற சோப்பு என்றே அதற்குப் பெயர். முக்கால்வாசி போகும். மீதியோடு எல்லாரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

இனி கருப்பசாமி. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. சில்வர் கலக்குகிற வேலை அவனுக்கு. சாயங்காலம் வேனை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்குப் போக முடியாது. சில்வரோடு வருகிற பிள்ளை குளிக்கும்வரை வீட்டில் விளக்கேற்றக் கூடாது என்பது அவன் அம்மா வைத்திருந்த கட்டுப்பாடு. எங்கள் ஊரில் பல வீட்டில் அப்படித்தான். பொழுது இருட்டி அம்மா காத்திருக்க வேண்டாம் என்று அவன் எங்கள் கொட்டகைக்கு வந்து தேய்த்துக் குளித்துவிட்டுப் போவான்.

தலை முதல் கால் வரை மினுமினுவென்று அவன் வாசலில் வந்து நிற்கும்போது, வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரியே இருப்பான். நான் மெழுகுவர்த்தித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பற்ற வைக்காமலே, "சாமிக்குத் தீபாராதன காட்டட்டுமா?" என்று கேட்பேன்.

"ஏலே, வெளையாட்டுக்குக்கூடக் கிட்ட வராதலே. சோப்பு டாக்டர், போய் ஒன் சோலியப் பாரு."

"சாமி கோவப்படக் கூடாது. பிரசாதம் சோப்பு தாறேன்."

இது தினமும் நடக்கும். அக்கா கேட்டும் கேளாதவர் மாதிரி இருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரியாமல் ஓர் அலுமினியக் கரண்டியைக் காரத் தண்ணிக்குள் விடப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாளைக் கிழித்து, ஒரு கிண்ணம் காரத் தண்ணியில் போட்டுக் காட்டினார். தாள் நுரைத்தது, சீறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

"அலுமினியம்னா அது தின்னுரும். அந்தப் பாத்திரம் இந்தக் கொட்டகைக்குள்ள வரவே கூடாது."

வாசலில் குளிக்க வந்து நின்ற கருப்பசாமி எட்டிப் பார்த்தான். "அப்ப என்னய ஒரு முக்கு முக்கி எடுங்களேன்க்கா. ஒரே நாள்ல வெள்ளையாயிருவேன்."

"தோலயும் சேத்துத் தின்னும்லே."

மூன்று பேருமே சிரித்தோம். அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் நினைவிருக்கிறது.

சில வருசம் போனது. அது தீபாவளி சீசன், லோடு போய்க்கொண்டே இருக்கும் நாட்கள். மறுநாள் காலையில் கருப்பசாமி சாத்தூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். ஒரு வாரமாக அவனுக்குக் கையைப் பற்றித்தான் கவலை.

"காப்பித் தட்ட வாங்கும்போது கை இப்பிடியாலே மினுங்கும்? பொண்ணு என்ன நெனைக்கும்?"

"மாப்ள வெள்ளிக் கையின்னு நெனைக்கும். சீதனம் வேண்டாம்னு சொல்லிரும்."

அன்றைக்கு அக்கா காரத் தண்ணியைக் கலக்கி மூடிவிட்டு, முன்வீட்டில் உலை வைக்கப் போயிருந்தார். நான் வெளியே வெளிச்சத்தில் உட்கார்ந்து அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். கருப்பசாமி வந்தான். வழக்கமான தீபாராதனை, வழக்கமான திட்டு. கொட்டகைக்குப் பின்னால் குளிக்கிற இடத்துக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

அவன் என்ன செய்தான் என்பது பிறகு அவனே சொன்னது. முதலில் ஒரு கிழிசல் துணியைக் காரத் தண்ணியில் நனைத்துக் கையைத் துடைத்துப் பார்க்கலாம் என்றுதான் பின்பக்கமாக உள்ளே போயிருக்கிறான். அப்புறம் பயந்து, கையை விட்டுவிட்டு, வேலைக்குப் போட்டிருந்த சட்டையை வாளிக்குள் போட்டிருக்கிறான். சட்டையில் சில்வர் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையை வைக்கலாம் என்ற எண்ணம். அந்தச் சட்டையின் மடிப்பிலும் பையிலும் இருந்தது கொஞ்சநஞ்சத் தூள் இல்லை, ஒரு பிடி சில்வர். நாற்றத்துக்குப் பயந்து பலகையை மறுபடி மூடினான். இருட்டாகிவிட்டது. மாடத்திலிருந்த மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துக்கொண்டு, பலகையைத் தூக்கிக் குனிந்து பார்த்தான்.

எனக்குக் கேட்டது ஒரு 'டப்'. பெரிய சத்தம் இல்லை. எங்கள் ஊரில் சத்தத்தின் அளவை யாரும் பார்ப்பதில்லை. எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். நான் உள்ளே ஓடுவதற்குள் தெருவே ஓடி வந்துவிட்டது.

கருப்பசாமி கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தான். காரத் தண்ணி தெறித்த மூஞ்சியை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். தீ எதுவும் இல்லை. வாளி மட்டும் தானாகக் கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசல் தண்ணீரைத் தூக்கினேன். அவனே கத்தினான்.

"தண்ணி ஊத்தாதலே. மேலெல்லாம் சில்வருலே. பத்திக்கிரும்."

பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சில்வர் பற்றினால் தண்ணீரைக் காட்டாதே, மணலைப் போடு. தண்ணீர் பட்டால் அது இன்னும் கொந்தளிக்கும். மருந்து ஒட்டிய உடம்பின் மேல் தண்ணீர் ஊற்ற எங்கள் தெருவில் ஒரு கையும் எழாது. எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு கம்பெனியில் போர்மேன், தீயில் சிக்கியவர்களை இழுத்துப் போட்ட மனிதர். அவர் என் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"புத்தி இருக்காலே ஒனக்கு? தூரப் போ. யாராச்சும் மணல அள்ளிட்டு வாங்க."

"அண்ணாச்சி, இது காரம், சோப்புக் காரம். தண்ணிதான் ஊத்தணும்."

என் பேச்சை யார் கேட்பார்கள்? வாயைத் திறந்தாலே கிண்டல் என்று பெயரெடுத்தவன் நான். யாரோ அவன் தோளிலும் மடியிலும் மணலைக் கொட்டினார்கள். யாரோ துண்டை எடுத்து அவன் கண்ணைத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வாளியைப் பார்த்தார், மிதக்கிற சட்டையைப் பார்த்தார், ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எல்லாரும் தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

அவ்வளவு மரியாதை. யாரும் நகரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து கருப்பசாமியின் தலையை மடியில் சாய்த்தார். தீப்பட்ட அந்தக் கையால் அவன் கைகளைப் பிரித்தார்.

"பத்திக்கிரும்க்கா, வேண்டாம்க்கா."

"பத்துனா ரெண்டு பேரும் சேந்து பத்துவோம். கண்ணத் தொற."

அந்தக் கையைப் பார்த்துத்தான் அண்ணாச்சி என் வாளியை விட்டார். அக்கா ஊற்றினார். நான் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தேன். போதும் என்று தோன்றியும் ஊற்றினோம். எதுவும் பற்றிக்கொள்ளவில்லை.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் எங்களைத் திட்டவில்லை. தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் பிந்திவிட்டது என்றோம். "அந்தக் கொஞ்சம்தான் கண்ணு" என்றார். இடது கண் வேகவைத்த மீனின் கண் மாதிரி வெளுத்துவிட்டிருந்தது. வலது கண்ணுக்கு மருந்து போட்டுப் பார்ப்போம் என்றார்.

சாத்தூர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். பெண்ணுக்கு இப்போது என்ன அவசரம் என்று போகும்போது சொன்னார்கள். கருப்பசாமியின் அம்மா அவன் கையைத் தினமும் எங்கள் சோப்பைப் போட்டே கழுவினார். வேலைக்குப் போகாததால் புதிதாக ஏற ஒன்றுமில்லை, இருந்ததெல்லாம் மெல்ல இறங்கியது.

"கை வெளுத்துருச்சாலே?" என்று என்னிடம் கேட்டான்.

"மாப்ள கை மாதிரி இருக்கு."

"நல்லாப் பாரு. நகக்கண்ணுல?"

"அங்கனயும் இல்ல."

செல்லக்கனி அக்கா மதுரையிலிருந்து ஊருக்குத் திரும்பியதும் காரத் தண்ணி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த சோப்பெல்லாம் அப்படியே இருந்தது. "நாளைலருந்து நீங்க வர வேண்டாம்" என்றார். அந்த 'நீங்க' எனக்கு இல்லை, அவருக்கே என்று தெரிந்தது. நான் போகாமல் நின்றேன். கவிழ்த்த வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தின்னும்னு காட்டுனேன். திங்கிறப்ப அது மூச்சு விடும், அந்த மூச்சு தீயக் கண்டாப் பிடிச்சுக்கிரும், அதச் சொல்லலலே."

எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். எழுத வேண்டாம் என்று நினைத்ததற்கு உள்ளே இருந்த காரணம் இதுதான். பாதியைச் சொன்னால் மீதியை எவனாவது தானாகக் கண்டுபிடிப்பான். அதனால் முழுசாகச் சொல்கிறேன். காரத் தண்ணிக்குப் பக்கத்தில் சில்வரும் வரக் கூடாது, நெருப்பும் வரக் கூடாது. மேலே பட்டால், உடம்பில் என்ன ஒட்டியிருந்தாலும், பட்டவன் வேண்டாம் என்று கத்தினாலும், தண்ணீர். உங்கள் ரோஜாப்பூ மெழுகுவர்த்தியை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி அப்புறம் என்னிடம் ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார், ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன பேரக் காப்பாத்துன மணலு தெரியுமாலே அது?" என்றார். நான் கியரை மாற்றினேன்.

ஊருக்கு வந்த பிறகு, வலது கண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது. சாயங்காலம் கருப்பசாமி வீட்டுக்குப் போய், ஒரு மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்து அவன் முன்னால் நகர்த்துவேன்.

"சாமிக்குத் தீபாராதன. எங்கன இருக்கு சொல்லு."

"வலது பக்கம். இப்ப மேல. கைய ஆட்டாதலே, நடுங்குது."

அவன் வீட்டில் இப்போது விளக்கேற்ற யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருநாள் சேட்டைக்கு, பற்ற வைக்காத மெழுகுவர்த்தியைக் காட்டி எங்கே இருக்கிறது என்றேன். "ஏலே களவாணி, பத்தவே வைக்கலயே" என்றான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தில் அவன் அம்மா போட்ட காப்பியை மூன்று தம்ளர் குடித்தேன்.

பிறகு அவன் விரல் காட்டுகிற இடமும் மெழுகுவர்த்தி இருக்கிற இடமும் விலக ஆரம்பித்தன. நான் மெழுகுவர்த்தியை அவன் விரல் இருக்கிற பக்கம் நகர்த்திவிட்டு, சரி என்பேன். மறுபடி மதுரை, மறுபடி மருந்து. மழை பெய்த ஒரு சாயங்காலம் நன்றாக எரிகிற மெழுகுவர்த்தியை அவன் மூஞ்சிக்கு நேரே பிடித்திருந்தேன்.

"பத்த வைலே, எம்புட்டு நேரம்?" என்றான்.

"தீப்பெட்டி நமத்துப் போச்சுலே. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, மூச்சுச் சத்தம் கேட்காமல் அணைத்தேன். அதன்பிறகு தீபாராதனை காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று போனேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மாடத்தில் தடவி, அக்கா ஊற்றிய பழைய மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தேன். தீக்குச்சி உரசுகிற சத்தத்துக்கு அவன் தலையைத் திருப்பினான். மிச்சத்தையும் வாசித்தேன். மழைச் சாயங்காலத்தையும் விடாமல் வாசித்தேன். சாமி, வெள்ளிக் கை, எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

"எப்பிடிலே இருக்கு?" என்று கேட்டேன்.

"படிச்சு முடிச்சுட்டேல்ல, அப்ப மெழுகுவர்த்திய அணைச்சிரு."